பழுப்புத் துணிக்கு அடியில்

இன்னும் ஒரே ஒரு சதுரம்தான் பாக்கி, அதை முடித்துவிட்டு எழுந்துபோய்ப் போன் பண்ணிக்கொள்ளலாம், அதுவரைக்கும் போனைத் தொடவே கூடாது என்று தெபோராள் தனக்குத்தானே கறாராகச் சொல்லிக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள். கோத்த கை இறங்குவதற்குள் இன்னொரு கை ஜன்னல் கட்டையில் கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்திருந்தது. நீங்கள் அழைக்கும் நபர் என்று அந்தப் பெண்குரல் ஆரம்பித்ததுமே நிறுத்தினாள். நபராம். இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்த மனுஷனை நபர் என்கிறாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். எந்த எல்லை, யார் போட்ட எல்லை, பெருமாள்மலைக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறதே, அந்த மண்ணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அதைச் சொல்ல அவளுக்குத் துப்பில்லை. இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது. ஊசியைப் பார். ஊசியின் காதைப் பார். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி ஊரே இல்லாமல் போயிருந்தது, சைப்ரஸ் மரம் நின்ற இடத்தில் கொஞ்சம் கறுப்பு மட்டும் நின்றது, மழை விழும் சத்தம் கேட்டதே தவிர மழையைக் காணவில்லை. விடிவதற்கு முன்னால் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிய ஞானாபரணம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வந்திருக்க வேண்டும். மழை, வண்டிகள் நிற்கும், தாமதமாகும், சகஜம்தான். சகஜம்தான் என்று சொல்லிக்கொண்டே போனை மறுபடி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

நூலக மாடியில் இரண்டு நீள மேஜைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். இடது பக்கம் பழைய போர்வை. வலது பக்கம் இவளுடையது. அசல், நகல் என்று நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற ஹெப்சிபா டீச்சர் சொல்வார். தெபோராளுக்கு நகல் என்ற சொல் பிடிக்காது, ரேஷன் கார்டுக்கு எடுப்பது நகல், இப்படி நான்கு மாதம் உட்கார்ந்து முதுகெலும்பைத் தேய்த்துச் செய்ததற்கு வேறு ஏதாவது பெயர் வேண்டும். பெயர் கிடைக்காததால் மனசுக்குள் அவளுடையது, என்னுடையது என்றே சொல்லிக்கொண்டாள். அவள் பெயர் மார்த்தா. அமெரிக்காவில் மேற்கே நிலம் தேடிப் போன ஆட்களோடு, கூண்டு போட்ட மாட்டு வண்டியில், மரமே இல்லாத புல்வெளியில், மாதக்கணக்கில் போனவள். போகிற வழியில் குடும்பத்தில் கிழிந்துபோன ஒவ்வொருவர் உடுப்பிலிருந்தும் நல்ல இடம் பார்த்து ஒரு சதுரம் வெட்டி, சதுரத்தோடு சதுரம் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த ஒட்டுப் போர்வை. பிற்பாடு அவள் மகள் ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறி மதுரைக்கு வந்து, மதுரை வெயிலைத் தாங்க மாட்டாமல் கொடைக்கானலுக்கு ஏறி வந்தபோது கூடவே இதையும் கொண்டு வந்தாள். அந்தம்மாள் கல்லறை ஏரிக்கு மேலே எங்கோ பாசி பிடித்துக் கிடக்கிறது. போர்வை மட்டும் இந்த நூலகத்து மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இத்தனை காலம் மடிந்து கிடந்தது. இப்போது மார்த்தா குடியேறிய ஊரிலிருந்து, அங்கே இருக்கிற மியூசியத்துக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். இங்கே அதன் இடத்தில் இருக்கப் போவது என்னுடையது.

முதல் நாள் டீச்சர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விரித்தபோது தெபோராளுக்குச் சிரிப்புதான் வந்தது. இதைப்போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்களே, கந்தல் துணி, எங்கள் தெருவில் கொடிக்குக் கொடி தொங்குகிறதே என்று நினைத்தாள். ஸ்கூல் யூனிபாரம், ஜாக்கெட், சர்ச்சுக்குத் திரைச்சீலை என்று காலமெல்லாம் மிஷினில் ஓட்டியவள் அவள், நேராக ஓடாத தையலைக் கண்டால் கை தானாகப் பிரிக்கப் போகும். இதிலோ ஒரு வரிகூட நேராக இல்லை. நான்கு தையல் ஒழுங்காகப் போகும், ஐந்தாவது துள்ளி மேலே ஏறும், ஆறாவது பாதியிலேயே நின்றுவிடும், பிறகு பயந்த பிள்ளை மாதிரி சின்னச் சின்னதாக நாலைந்து. அரைகுறையாகத் தைக்கத் தெரிந்தவள் என்றுதான் முடிவு கட்டினாள். வீட்டில் வந்து அதே மாதிரி கோணலாகத் தைத்துப் பார்த்தால் வரவில்லை. கோணல் வந்தது, ஆனால் அது வேறு கோணல், வேண்டுமென்றே நொண்டுகிறவன் நடை. நொண்டியின் நடையில் இருக்கிற வலி அதில் இல்லை. பிரித்தாள், தைத்தாள், பிரித்தாள். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தவளிடம் ஞானாபரணம்தான், "ஓடுற வண்டில உக்காந்து தச்சிருப்பா. நீ ஆடாம அசையாம உக்காந்து தச்சா எப்பிடி வரும்?" என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே, ஏதோ உப்புக் குறைகிறது என்பது மாதிரி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு முதுகில் மயிர் கூச்செறிந்தது. அரைகுறையாகத் தைக்கத் தெரிந்தவளா? சக்கரம் கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் ஊசியைப் பிடித்துக்கொண்டு, இறங்கியதும் விட்ட இடத்தில் குத்தி, அப்படி ஒரு கண்டம் முழுக்கத் தைத்துக்கொண்டே போயிருக்கிறாள், நான் அவளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் முழுக்க அவரோடு பிக்கப் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டு இறங்கினாள், தைத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் கேரட்டும் முட்டைக்கோசும், முன்னால் அவளும் மடியில் துணியும். முதல் வளைவிலேயே விரலில் குத்திக்கொண்டாள். வழியில் ஊத்து என்கிற ஊரில் டீக்கு நிறுத்தியபோது, என்னம்மா டிரைவரண்ணனுக்குச் சட்டையா என்று கேட்டார்கள். இவர் இருக்கிறாரே, குறும்பு, பள்ளத்தைக் கண்டால் ஒடிக்காமல் நேரே அதில் விடுவார், "ஏங்க!" என்று அவள் கத்தினால், "ஓங் கூட்டாளிக்கு அந்த ஊர்ல தாரு ரோடா போட்டிருந்தாங்க?" என்பார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், ஊசி எங்கே போகிறதென்று தெரியாது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் விரித்துப் பார்த்தால் வந்திருந்தது. அந்தத் துள்ளல், அந்தப் பாதியில் நிற்கும் தையல், பயந்த பிள்ளை மாதிரி நாலைந்து. வந்திருந்தது. இத்தனை நாள் சண்டை போட்ட அத்தனையும் ஒரே நாளில் கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவள் ரொம்ப நேரம் அந்தத் துணியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்து மண்ணாகிப் போன ஒருத்தியின் உடம்பு எப்படி ஆடியதோ அப்படியே என் உடம்பும் ஆடியிருக்கிறது. இடுப்பு ஆடியிருக்கிறது, தோள் ஆடியிருக்கிறது. அவள் முகம் எப்படியென்று தெரியாது, அவள் பேச்சு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அவள் தோள் எனக்குத் தெரியும். அந்த ரோடுதான், அதே ரோடு, அதே பள்ளம், அதே வளைவு. மண் சரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்புச் சிரித்த வளைவு ஏதாவது ஒன்றில். நினைக்காதே. இயேசப்பா. ஊசியைப் பார்.

துள்ளாத இடங்களும் உண்டு, அவைதான் அவளைப் பயமுறுத்தின. போர்வையின் நடுப்பக்கத்தில் அடுத்தடுத்து சில சதுரங்கள், அச்சுப் பிசகாமல், சன்னமாக, மிஷின் தோற்கும், அவ்வளவு நேர்த்தி. வண்டி நின்றிருக்கிறது. முதலில் அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது, பார், நின்ற இடத்தில் எப்படித் தைக்கிறாள், இவள் கை என்ன கை என்று. அப்புறம்தான், ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டாள். ஆற்றில் வெள்ளம் வடியக் காத்திருக்கலாம், மாடு நொண்டியிருக்கலாம், யாருக்காவது காய்ச்சல். அந்தச் சன்னத் தையல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு, மற்றதில் பாதிகூட இருக்காது, மல் துணி, கழுத்துச் சுருக்கம் பிரித்த அடையாளம் இன்னும் அதில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அந்தப் பயணங்களில் பிள்ளைகள் செத்தால் வண்டித் தடத்திலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மேலே எல்லா வண்டிகளையும் ஓட்டிப் போவார்களாம், ஓநாய்கள் தோண்டாமல் இருக்க, அடையாளமே தெரியாமல் இருக்க. டீச்சர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்த வெள்ளைத் துண்டைத் தைக்கவே அவளுக்குக் கை எழவில்லை, எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் போன வாரம் வைத்தாள், வைக்கும்போது நிற்கிற மேஜையில்தான் தைத்தாள், நேராக, சன்னமாக. ஆனால் அடுத்த சதுரம் மறுபடியும் துள்ளியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த சதுரத்தின் முதல் தையலே துள்ளல். வண்டி கிளம்பிவிட்டது. அவள் ஊசியை எடுத்திருக்கிறாள். அந்த முதல் தையலைப் பார்க்கும்போதெல்லாம் தெபோராளுக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருக்கும், சர்ச்சில் சுவிசேஷம் வாசிக்கும்போது நிற்பதுபோல.

இப்போது கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம். ஊசியை நிறுத்தினாள். வேகமாக வருகிறவர்கள் சேதி கொண்டு வருகிறவர்கள். இல்லை, மெதுவான காலடி, டீச்சருடைய காலடி, கையில் டீ டம்ளர்கள் இருக்கும், அதனால்தான் ஒவ்வொரு படியிலும் நின்று வருகிறார். டம்ளரை மேஜையில் வைக்க மாட்டார், மேஜைக்குப் பக்கத்தில்கூட வைக்க மாட்டார், ஜன்னல் கட்டையில் போன் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்தி வச்சிருக்காங்களாம் தெபோராள். மண்ணள்ளுற மிஷின் போயிருக்காம். ஆளுங்க யாருக்கும் ஒண்ணுமில்லன்னுதான் பேசிக்கிறாங்க." பேசிக்கிறாங்க. யார் பேசிக்கிறார்கள், பார்த்தவர்களா, பார்த்தவர்களைப் பார்த்தவர்களா. டீச்சர் அவள் தோளில் கை வைத்துவிட்டுக் கீழே போனார், அந்தக் கை போன பிறகும் தோளில் சூடு இருந்தது. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். குடிக்க முடியவில்லை. மூக்குக்குக் கிட்டே வைத்து ஆவியை மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு சதுரம். ஓரத்துப் பழுப்புச் சதுரம். இதைக் கடைசிக்கு விட்டதற்கு வேறு காரணம், சாயம் சரியாக வரவே இல்லை, டீத்தூளில் முக்கினாள், கடுக்காயில் முக்கினாள், துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஊறவைத்த தண்ணீரில் முக்கினாள், அப்புறம்தான் இந்தச் செத்த இலை நிறம் வந்தது. இதன் தையல் வேறு ஆளுடைய தையல். நூலும் வேறு. துள்ளலும் இல்லை, சன்னமும் இல்லை, அவசர அவசரமாக மேலே போட்டு மூடிய தையல். மகளாக இருக்கும். இங்கே கொடைக்கானலில், குளிர்காலத்தில், பிள்ளைகளுக்குப் போர்த்தக் கிழிசலாக இருக்கிறதே என்று கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கையில் கிடைத்த பழுப்புத் துணியை வைத்து ஒட்டுப் போட்டிருப்பாள்.

அளவு சரியா என்று பார்க்கக் குனிந்தாள். முகம் துணிக்கு வெகு பக்கத்தில் போயிற்று, பழைய பெட்டி வாசனை, கற்பூர வாசனை, அதற்கும் அடியில் பெயரில்லாத ஒரு மனித வாசனை. பழுப்பின் நடுவில் ஒரு கோடு. நிழல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், மடிப்பு விழுந்த நிழல் என்று அதற்காகத் தன் துணியிலும் ஒரு மடிப்பை அழுத்தித் தேய்த்து வைத்திருந்தாள். விளக்கை அசைத்தாள், நிழல் நகரவில்லை. விளக்கை இழுத்துத் தாழ்த்தினாள். நிழலில்லை, விரிசல். துணி தானாகவே இற்றுப்போய் இழை விட்டிருக்கிறது, பழுப்புச் சாயம் துணியைத் தின்றுவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தாரே, அதுதான் தின்றிருக்கிறது. விரிசலுக்குள்ளே பஞ்சு தெரியும் என்று பார்த்தால் பஞ்சு தெரியவில்லை. சிவப்பு தெரிந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் நீலம். மூச்சை அடக்கிக்கொண்டாள். தொடக் கூடாது, அசலில் ஒரு இழையைக்கூட இழுக்கக் கூடாது, சத்தியம் மாதிரி அது. தொடவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவள் மாதிரி. சிவப்பும் நீலமும் குறுக்கே ஓடி நெடுக்கே ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, வெட்டிய இடத்தில் கருஞ்சிவப்பாகின, நடுநடுவே மங்கிய மஞ்சள் இழை. கட்டம். கட்டம் போட்ட துணி. அச்சடித்த கட்டமில்லை, நெய்த கட்டம், விரிசலின் ஓரத்தில் ஒரு முனை மடிந்து அடிப்பக்கம் மேலே தெரிந்தது, அங்கேயும் அதே சிவப்பு, அதே நீலம், குறையாமல். மார்த்தாவின் துணிகள் மீதியெல்லாம் அச்சடித்த சீட்டித் துணி, திருப்பினால் வெளிறிப்போகும். இதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. உள்ளும் புறமும் ஒன்று. இந்த மாதிரித் துணியை அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். காலையில் அவர் கைலியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தாளே.

"டீச்சர்!" என்று கூப்பிட்டது தன் குரல்தானா என்று இருந்தது. டீச்சர் பதறிப்போய் ஏறி வந்தார், போன்தான் வந்துவிட்டதென்று நினைத்து. "போனில்ல டீச்சர். இதப் பாருங்க. குனிஞ்சு பாருங்க, இங்கேருந்து." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. மழை ஓட்டின்மேல் வலுத்து, பிறகு ஓய்ந்தது. "ஆண்டவரே," என்றார் மெதுவாக. "மெட்ராஸ் துணி." நிமிர்ந்தபோது அவர் கண் பளபளவென்று இருந்தது. "அந்தக் காலத்துல நம்ம கடற்கரை ஊருங்கள்ல நெய்ஞ்சு கப்பல் கப்பலாப் போகும் தெபோராள், கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி. தலையில கட்டிக்கிறதுக்கு, கழுத்துல சுத்திக்கிறதுக்கு. அமெரிக்காவுல இப்பவும் இதுக்கு மெட்ராஸ்னுதான் பேரு. நூத்துக்கு நூறு இங்கேருந்துதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், பாத்தவங்க யாரு. ஆனா வேற எங்கேருந்து வரப்போவுது?" "அது தெரியாம அந்தம்மா மேல ஒட்டுப் போட்டு மூடிட்டாங்களா டீச்சர்? இங்க உக்காந்துக்கிட்டு?" "தெரிஞ்சிருக்காது. கிழிசல்தான தெரிஞ்சிருக்கும்." இரண்டு பேரும் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நாளைக்கு எப்பிடி டீச்சர் இதக் குடுத்து அனுப்புறது," என்று கேட்டாள், கேட்ட பிறகுதான் அது குழந்தைத்தனமான கேள்வி என்று பட்டது. டீச்சர் பூதக்கண்ணாடியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

தனியானதும் அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அது போன வழியை மனசு ஓட்டிப் பார்த்தது, ஓட்டி முடியவில்லை, மறுபடி முதலிலிருந்து ஓட்டியது. கடற்கரையில் ஏதோ ஒரு ஊர், தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு ஒருவன், நீலத்தில் முக்கிய நூலைச் சிவப்பில் ஓட்டுகிறான், யாருக்கு நெய்கிறோம் என்று தெரியாது, அவன் பெண்டாட்டி கஞ்சி போட்டிருப்பாள், அவள் கை பட்டிருக்கும். பிறகு படகு, படகிலிருந்து கப்பல், பாய்மரக் கப்பல், ஆப்பிரிக்காவைச் சுற்றி, உப்புக் காற்று, எலி, இருட்டு. ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் ஒருத்தி அல்லது ஒருத்தன் விலை கேட்டு வாங்கி, தலையில் கட்டி, வியர்த்து, துவைத்து, கிழித்து, அம்மா மகளுக்குக் கொடுத்து, மகள் வண்டியில் ஏறும்போது மூட்டையில் திணித்து, மரமில்லாத புல்வெளியில் ஒரு துள்ளலுக்கும் இன்னொரு துள்ளலுக்கும் நடுவில் வெட்டித் தைத்து. அதற்குள்ளே எத்தனை பேர் அதன் அடியில் தூங்கியிருப்பார்கள், அந்தச் சின்ன வெள்ளைத் துண்டுக்காரனோ காரியோ தூங்கியிருக்குமா. மறுபடி கப்பல், மறுபடி இதே கடல், மதுரை, இந்த மலை, டோலியில் ஏற்றியிருப்பார்கள் அப்போது, எங்கள் ஆட்கள்தான் தூக்கியிருப்பார்கள், தோளில் இருக்கிறது என்ன என்று தெரியாமல். உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழுப்புத் துணிக்கு அடியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாலே இரண்டு நாள் கதை சொல்வேன். அவளுக்குத் தலை சுற்றியது. பயமாகக்கூட இருந்தது, அளவில்லாத ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பயம், ராத்திரி மலை விளிம்பில் கோக்கர்ஸ் வாக் பாதையில் நின்று கீழே சமவெளியின் விளக்குகளைப் பார்த்தால் வருமே அது. யாரும் யாருக்காகவும் செய்யவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் கை கையைத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது என் கை. இவர் கையும்தான், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை, பள்ளத்தில் வேண்டுமென்றே விட்ட கை. எங்கே இருக்கிறது இப்போது அந்தக் கை.

விரிசலைத் தன் துணியில் எப்படிக் கொண்டு வருவது என்று யோசிக்கிற சாக்கில் அந்த நினைப்பைத் தள்ளினாள். கண்ணுக்குத் தெரிவதைச் செய்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடலாம். தெரிந்துவிட்டதே. அடியில் கட்டம் இல்லாமல் வெறும் பழுப்பை வைத்து மூடினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். எனக்குத் தெரியுமே. கட்டத் துணிக்கு இப்போது எங்கே போவது, வீட்டில் கொடியில் இருக்கிறது, போய் எடுத்து வர வேண்டும், போனால் அந்த நேரத்தில் போன் வந்தால், போனை எடுத்துக்கொண்டுதானே போவேன், வீட்டுப் பக்கம் டவர் கிடைக்காது, சாவி என்னிடம்தான் இருக்கிறது, அவர் வந்தால் வாசலில் நிற்பார். வந்தால். வந்தால் என்றா நினைத்தேன். எழுந்தாள், உட்கார்ந்தாள். மறுபடியும் காலடிச் சத்தம். இது டீச்சர் இல்லை. கனமான காலடி, ஒவ்வொரு படியிலும் சதக் சதக்கென்று தண்ணீர். அவள் திரும்பவில்லை. திரும்பினால் வேறு யாராவதாக இருந்துவிடும். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தத் துள்ளலின் முதல் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவிய நீ எடுத்துட்டு வந்துட்ட. நாம் பாட்டுக்கு வாசல்ல நின்னு பூட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்," என்றார் ஞானாபரணம்.

திரும்பினாள். தலையிலிருந்து சொட்டியது. முழங்கால் வரை சேறு. பேண்ட்டைக் காணோம், சட்டைக்குக் கீழே கைலி, சீட்டுக்கு அடியில் எப்போதும் சுருட்டி வைத்திருக்கிற குடியாத்தம் கைலி. மண் விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வண்டி நிற்கிறதாம், மிஷின் வருகிறவரைக்கும் எல்லோரும் இறங்கிக் கல்லை உருட்டினார்களாம், பிறகு காட்டுப் பாதையில் ஏறி, பெருமாள்மலையிலிருந்து யாரோ ஒருவர் பைக்கில் ஏற்றிவந்து விட்டாராம். முன்னால் போன வண்டிக்கும் இவருக்கும் நடுவில்தான் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "மரம் ஒண்ணு நடந்து வந்துச்சு தெபோராளு. நின்னவாக்குலயே. வேரோட, நிமிர்ந்து, ரோட்டக் கடந்து போச்சு. நாம் பாட்டுக்கு ஆன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பயமே வரல."

அவள் அழவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்து நின்றாள், வரவில்லை. ஆறிப்போன இஞ்சி டீயை எடுத்து நீட்டினாள், ஒரே மடக்கில் குடித்தார். அவர் கைலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு தெறித்த நீலம், சிவப்பு, குறுக்கே, நெடுக்கே. அதே இல்லை. அது கையில் முக்கிய சாயம், இது மிஷின் துணி, இழை முரடு, கட்டமும் பெரிசு. ஆனால் முகச் சாடை என்று ஒன்று இருக்கிறதே.

"ஏங்க. இந்தக் கைலில கொஞ்சம் வெட்டிக்கவா?"

"எதுல?"

"இதுலதான். உள்மடிப்புல. வெளிய தெரியாது."

"கட்டியிருக்கறதயா? சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன், வந்ததும் கைலிய வெட்டக் கேக்குற." ஆனாலும் மடிப்பை அவிழ்த்து ஓரத்தை இழுத்து நீட்டினார். கத்தரியை அவள் கொண்டு வரும்போது, "எதுக்குன்னு சொல்லிட்டு வெட்டு," என்றார். அவரை இடது மேஜைக்குக் கூட்டிப்போய்க் குனியச் சொன்னாள். சொட்டும் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் குனிய விட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சேறு பட்டுவிடாமல், அவர் பார்த்தார். அவள் டீச்சர் சொன்னதையெல்லாம் சொன்னாள், தறியை, கப்பலை, மாட்டு வண்டியை, திரும்பி வந்த கப்பலை. கடைசியில், "கைலி போயிட்டு வந்திருக்கு," என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதில்லை அது. குரல் ஒரு மாதிரி இருந்தது, மரம் நடந்து வந்ததைச் சொன்ன அதே குரல்.

மேகம் கொஞ்சம் விலகி, பொழுது அணைவதற்கு முன்னால் வருகிற வெளிச்சம் ஜன்னல் வழியே வந்தது. கைலித் துண்டைத் துவைத்து இஸ்திரிப் பெட்டியால் காய வைத்து, பழுப்புக்கு அடியில் வைத்து, பழுப்பில் ஊசிமுனையால் இழை இழையாக விலக்கி விரிசல் விட்டு, சுற்றிலும் மார்த்தா மகளுடைய அவசரத் தையலைப் போட்டாள். அந்தத் தையல் இன்றைக்கு அவளுக்குச் சிரமமே இல்லாமல் வந்தது. பிள்ளைகளுக்குக் குளிருமே என்கிற அவசரம்தானே, அதைப் போய் அலட்சியம் என்று நினைத்திருந்தேன். கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். விரிசலுக்குள் சிவப்பு ஒரு நூலளவு தெரிந்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். டீச்சர் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், தெபோராளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு மூன்று பேருமாக மார்த்தாவினுடையதை வெள்ளைத் துணியில் மடித்தார்கள். ஞானாபரணம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, டீச்சரிடம் நீட்டிக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார். அத்தனை பெரிய போர்வை, தூக்கினால் கனமே இல்லை. பெட்டிக்குள் இறக்கி வைத்ததும் டீச்சர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஜெபம் சொல்வார் என்று தெபோராள் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். ஞானாபரணம்தான் பெட்டியின் மேல் குனிந்து, பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரரிடம் சொல்கிற மாதிரி, சாதாரணமாக, "போயிட்டு வா," என்றார்.